மாப்பிள்ளைக்கு இரண்டும் இடது கை

எங்கள் கல்லூரியில் முதல்வரின் புகைப்படங்கள் ஏராளம். எலும்புக்கூடு ஒன்றே ஒன்று. அதுவும் பிளாஸ்டிக். காலையில் விலங்கியல் ஆய்வகத்தில் நிற்கும். மதியத்துக்கு மேல் முற்றத்தைத் தாண்டி ஓவிய வகுப்புக்குப் போய் அங்கே நிற்கும். இரண்டு துறைக்கும் உழைத்தும் சம்பள உயர்வு கேட்காத ஒரே ஆள் என்பதால் நிர்வாகத்துக்கு அதன்மேல் தனி மரியாதை.

விலங்கியல் பிள்ளைகள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டு, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல், நாலு பேர் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் நிற்பவரை வேறெப்படி அழைப்பது? ஓவிய வகுப்பில் அதற்குப் பெயர் 'மாடல் சார்'. நடுவில், முற்றத்தில், அதைத் தூக்கிக்கொண்டு போகும் இரண்டு பேர் மட்டும் "இவரைக் கொஞ்சம் தூக்குங்க", "இவருக்குக் கால் இடிக்குது பாருங்க" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த இரண்டு பேர் ஓவிய ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியையும். எலும்புக்கூட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு ஒரு காலத்தில் நாலு சக்கரம் இருந்தது. ஒன்று எப்படியோ காணாமல் போனது. அன்றிலிருந்து தள்ள முடியாது, தூக்கத்தான் வேண்டும். மாணவர்கள் தூக்கினால் உடைத்துவிடுவார்கள் என்றார் ஓவிய ஆசிரியர். ஆமாம், நிச்சயம் உடைத்துவிடுவார்கள் என்றார் விலங்கியல் ஆசிரியை. இரண்டு துறைகள் ஒரே கருத்துக்கு வந்தது கல்லூரி வரலாற்றில் அதுவே முதல் தடவை.

ஓவிய ஆசிரியர் தலைப்பக்கம் பிடிக்க மாட்டார்; கால்பக்கம்தான். பின்னோக்கி நடப்பார். அப்போதுதான் எதிரே தலைப்பக்கம் பிடித்து வருபவரின் முகத்தைப் பார்க்கலாம். வழியில் ஒரு கொடிக்கம்பம் உண்டு. தினமும் அதில் போய் முட்டுவார்.

"சார், பின்னால பார்த்து வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பழகிடுச்சு மேடம்."

"உங்களுக்குப் பழகிடுச்சு. கொடிக்கம்பம் சாய ஆரம்பிச்சிடுச்சு."

ஒரு வருடமாக இவ்வளவுதான் முன்னேற்றம். மனுஷன் ஒரு கோட்டில் குதிரையை ஓட வைப்பார். ஒரு வாக்கியத்தை மட்டும் வாயிலிருந்து வெளியே வர வைக்க முடியவில்லை. ஓவிய மாணவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், மணி அடிக்கப் போகுது, தலையைச் சீவிக்குங்க" என்று ஞாபகப்படுத்துகிற அளவுக்கு இறங்கி வந்திருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் முதல்வர் குறுக்கே வந்தார்.

முதல்வருக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். கையில் ஒலிவாங்கி இல்லாதபோதும் விரல்களை மடக்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். "காப்பியில் சர்க்கரை குறைவு" என்பதை அவர் சொன்னால் கைதட்ட வேண்டும்போல இருக்கும். ஒரு நாள் வெளியூர் விருந்தாளி ஒருவருக்குக் கல்லூரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு ஆசிரியர்கள் ஓர் எலும்புக்கூட்டைத் தூக்கி வந்தார்கள். விருந்தாளி, "உங்க பேச்சைக் கடைசி வரைக்கும் கேட்டவரா?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாளே புதிய எலும்புக்கூட்டுக்கு உத்தரவு போயிற்று. விலங்கியலுக்குப் புதியது, பழையது நிரந்தரமாக ஓவியத்துக்கு. வெள்ளிக்கிழமை விழா. திரை விலகும்வரை அது என்னவென்று யாருக்கும் தெரியக்கூடாது என்று விலங்கியல் துறைக்கு மட்டும் ரகசிய ஆணை.

அன்றைக்குத் தூக்கிப் போகும்போது ஆசிரியை சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நாம இப்படி நடக்க வேண்டியிருக்காது சார்."

"ஏன் மேடம்?"

"சொல்லக் கூடாதுன்னு முதல்வர் உத்தரவு."

ஓவிய ஆசிரியர் கொடிக்கம்பத்தில் முட்டினார். இந்தத் தடவை அது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

இன்றைக்கு எப்படியும் கேட்டுவிடுவது என்று சாயங்காலம் ஆய்வகத்துக்குப் போனார். கதவுக்கு இந்தப் பக்கமே கால் நின்றுவிட்டது. உள்ளே ஆய்வக உதவியாளர் அக்கா கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டே ஆசிரியையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"புது மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை வர்றாராமே! நல்ல உயரமாம், பல்லெல்லாம் வரிசையாம்."

"வரட்டும்க்கா. முதல்வர் பார்த்து முடிவு பண்ணிட்டாரு. என்னை யார் கேட்டாங்க?"

"அப்போ பழைய ஆளு?"

"மனசெல்லாம் பழைய ஆள் மேலதான். என்ன, மண்டைக்குள்ள ஒண்ணும் கிடையாது. ஒரு பல்லு வேற கோணல். ஆனா இத்தனை நாள் கூடவே வந்து பழகிடுச்சு இல்லையா?"

"அதுவும் சரிதான். வாயில்லாப் பூச்சி, பாவம்."

கதவுக்கு வெளியே நின்ற மனிதர் நாக்கால் தன் கோணல் பல்லைத் தடவிப் பார்த்தார். மண்டையைப் பற்றிச் சொன்னதை மறுக்க அவருக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மனசு தன் மேல்தான் என்பது மட்டும் காதில் தேனாக விழுந்தது. அதைக் குடிக்கும் முன்னே 'முதல்வர் பார்த்த மாப்பிள்ளை' ஈயாக விழுந்துவிட்டான். வந்த வழியே திரும்பினார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் தூக்க வரவில்லை. இரண்டு மாணவர்களை அனுப்பினார். உடைத்துவிடுவார்கள் என்று இருவரும் ஒருமனதாகச் சொன்ன அதே மாணவர்கள்தான். ஒன்றும் உடையவில்லை. அதுதான் ஆசிரியைக்கு ரொம்பக் கோபம்.

"உங்க சாருக்கு என்ன, கை ஒடிஞ்சுடுச்சா?"

"மனசு மேடம்" என்றான் ஒருவன். இன்னொருவன் அவன் காலை மிதித்தான்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. வருகைப்பதிவு உண்டு என்று அறிவித்திருந்தார்கள். மேடையில் ஆளுயரத்துக்கு எதையோ சிவப்புத் துணியால் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். ஓவிய ஆசிரியர் கடைசி வரிசைக்கு வந்து, பக்கத்தில் இருந்த ஆய்வக அக்காவிடம் மெல்லக் கேட்டார்.

"மாப்பிள்ளை வந்தாச்சா?"

"வந்தாச்சே! மேடையில நிக்கிறாரு பாருங்க, துணிக்குள்ள. வியர்க்கவும் வியர்க்காது, மகராசன்."

அவர் ஒன்றும் புரியாமல் மேடையைப் பார்த்தார். முதல்வர் ஒலிவாங்கியை இறுகப் பற்றினார்.

"ஒரு கல்லூரிக்கு எது முதுகெலும்பு? ஒழுக்கம்! எது விலா எலும்பு? உழைப்பு!" தாடை எலும்பு எது என்பதைச் சொல்லாமலே நிரூபித்துக்கொண்டிருந்தார். கடைசியில் துணியை இழுத்தார்.

பளபளவென்று, உயரமாக, வரிசைப் பற்களோடு நின்றது புது மாப்பிள்ளை.

அரங்கம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு வாரம் அழாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது.

"யாரது? என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். மாப்பிள்ளை ரொம்ப நல்லா இருக்காரு."

முன்வரிசையிலிருந்து விலங்கியல் ஆசிரியை திரும்பினார். அந்தப் பெயரை ஓவிய ஆசிரியர் வாயிலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். ஆய்வகத்தில் அக்காவோடு பேசிய பேச்சு, திறந்திருந்த கதவு, அவர் வராமல் போன நாட்கள், அனுப்பிய மாணவர்கள்... ஒவ்வொன்றாக ஆசிரியையின் முகத்தில் கூடிவந்து, கடைசியில் உதட்டோரம் வந்து நின்றது.

முதல்வர் புகைப்படத்துக்காக எலும்புக்கூட்டின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். "துறை சார்பாக நீங்கள் சரிபார்த்து, நன்று என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றார் ஆசிரியையிடம்.

ஆசிரியை மேடையேறினார். மண்டையைத் தட்டினார். விலாவை எண்ணினார். இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சார், இது சரியில்ல. இவருக்கு ரெண்டும் இடது கை."

அரங்கம் சலசலத்தது. முதல்வர் தான் குலுக்கிய கையைப் பார்த்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் தன் சொந்தக் கைகளை மேசைக்கடியில் நீட்டி ஒப்பிட்டார். இத்தனை வருடம் கூடவே இருந்தும், எந்தக் கைக்குக் கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று அவர் அதுவரை கவனித்ததில்லை.

"அந்த ஓவியரைக் கூப்பிடுங்கள்! கை வரைவதே அவர் தொழில். அவர் சொல்லட்டும்!"

ஓவிய ஆசிரியர் மேடைக்கு வந்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது: வலது வலதுதான், இடது இடதுதான். ஒரு குறையும் இல்லாத கைகள். நிமிர்ந்து ஆசிரியையைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால், தன் படிப்பையும் பட்டத்தையும் பணயம் வைத்து, ஒரு பச்சைப் பொய்யைச் சொல்லிவிட்டு நிற்கிறார். எதற்காக என்பதைப் புரிந்துகொள்ள மண்டைக்குள் அதிகம் எதுவும் தேவைப்படவில்லை. 'அவங்க தப்பா பார்த்துட்டாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளை முதல் அவரவர் எலும்புக்கூடு அவரவர் அறையில்.

"மேடம் சொல்றதுதான் சரி சார்" என்றார். "ரெண்டும் இடது கைதான். எனக்கு அதுல சந்தேகமே இல்ல. எந்த ஜென்மத்துலயும் இல்ல."

கடைசி வரிசையில் ஓவிய மாணவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

கைதட்டல் தனக்கு என்று எடுத்துக்கொள்வது முதல்வரின் வழக்கம். உடனே ஒலிவாங்கியை உயர்த்தினார். "இரண்டு இடது கை! உலகில் எந்தக் கல்லூரியிலாவது உண்டா? இந்த அபூர்வம் இனி என் அறையை அலங்கரிக்கும்!" இன்றும் அது அங்கேதான் நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அவர்களும் பார்த்து வியந்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அன்று மதியம் வழக்கம்போல மணி அடித்தது. பழைய மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் முற்றத்தில் இறங்கினார்கள்.

"அன்னைக்குக் கதவுக்குப் பின்னாடி நின்னீங்களா?"

"நின்னேன். மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லன்னு யாரைச் சொன்னீங்க மேடம்?"

"அன்னைக்கு இவரைச் சொன்னேன். இப்போ யோசிச்சா ரெண்டு பேருக்கும் பொருந்துது."

"மனசெல்லாம் பழைய ஆள் மேலன்னு சொன்னது?"

"அதுவும்தான்."

ஆசிரியை பிடியை மாற்றிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா உங்களைப் பார்க்கணும்னாங்க. இவரைக் கூட்டிட்டு வர வேண்டாம்." ஆசிரியை குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. இவரோட நாலாவது சக்கரம் தொலையல. ஆய்வகத்துல மேசைக்கடியில கிடந்துச்சு. எடுத்து என் அலமாரியில பூட்டி வச்சிருக்கேன், ஒரு வருஷமா."

"அது அங்க எப்படி வந்துச்சுன்னு யோசிக்கவே இல்லையா?"

"உருண்டு வந்திருக்கும்னு நினைச்சேன்."

"சக்கரம் உருளும் மேடம். நட்டைத் தானே கழட்டிக்காது."

ஆசிரியை அப்படியே நின்றுவிட்டார். பின்னோக்கி நடந்தவர் நிற்கவில்லை; நேராகப் போய்க் கொடிக்கம்பத்தில் முட்டினார். அந்த அதிர்ச்சியில் மாப்பிள்ளையின் தாடை 'டக்'கென்று திறந்துகொண்டது.