நாலு வருஷத்துச் சீமெந்து

1

சமுகமளித்தோர்:

1. செல்வி பேர்ணடெற், பரிசோதனை உதவியாளர்
2. செல்வி டில்ஷானி, வனசீவராசிகள் உத்தியோகத்தர்
3. திரு. ராம், விண்ணப்பித்த கம்பனி சார்பில்
4. திரு. ஸ்ரனிஸ்லாஸ், குடியிருப்பாளர்
5. (அடிக்கப்பட்டிருக்கிறது)

இது ஒரு கள ஆய்வு அறிக்கையின் முதற் பக்கம். வெள்ளவத்தையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில், மெஷின் கண்ணாடியில் கிடந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் கொப்பிகளை அள்ளிக்கொண்டு, மூலத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஆறு வாரமாக எனக்குக் கதை எதுவும் வரவில்லை. வந்தது இந்தத் தாள்தான்.

பெயர்களை மாற்றிவிட்டேன். தலைப்பில் இருந்தது இவ்வளவே: மட்டக்குளி, சதுப்பு நிலம், பதினொரு ஏக்கர், வலய மாற்றம். மிச்சமெல்லாம் இட்டுக்கட்டியது. விதிகளும்தான். எந்த அரசாங்கக் கந்தோரிலும் போய்த் தேடவேண்டாம்.

ஐந்தாம் பெயரை யாரோ பேனையால் நாலு தரம் அடித்திருந்தார்கள். அடித்த ஆளின் கோபம் தாளின் மறுபக்கத்திலும் தடவத் தெரிந்தது. நான் அங்கேதான் மாட்டுப்பட்டேன்.

2

முதல் தொடக்கம்: "நாணல்கள் தலையசைக்கும் அந்த இளங்காலையில், பேர்ணடெற் தன்

வேண்டாம். நாணலுக்கு வேறு வேலை இல்லை. பேர்ணடெற்றுக்கு இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் எல்லை போடுகிறான். விலங்கோ

இதை எழுதியது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். தொடர மாட்டேன்.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்.

பேர்ணடெற்றுக்கு நாற்பத்திரண்டு வயது, கொட்டாஞ்சேனைக்காரி. பக்கத்துச் சபையிடமிருந்து நகர எல்லைக்குள் வந்த நிலத்தை, கட்டடம் கட்டும் வலயமாக மாற்றித் தரச் சொல்லி யாராவது விண்ணப்பித்தால், அங்கே பாதுகாக்கவேண்டிய விலங்கு ஏதும் வாழ்கிறதா என்று விதிகளோடு ஒத்துப் பார்ப்பது அவளுடைய வேலை. படிவத்தில் பதினான்கு கேள்வி. எல்லாவற்றுக்கும் ஓம் அல்லது இல்லை. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறாள், இதுவரை ஒரு விலங்கையும் கண்டதில்லை. ஆய்வு எப்போதும் காலை ஒன்பதரைக்கு. அந்த நேரத்தில் விலங்குகள் தூங்கும், கந்தோர்கள் விழித்திருக்கும்.

இந்த முறை அவளுக்கு ஒரு சிக்கல். பட்டியலில் நாலாவதாக இருக்கும் ஸ்ரனிஸ்லாஸ் அவளுடைய சொந்தத் தம்பி. அவனுடைய வீடு அந்தப் பதினொரு ஏக்கரின் ஓரத்தில் நிற்கிறது. ஃபைல் மேசைக்கு வந்த அன்றே கந்தோரில் சொல்லி, வேறு ஆளிடம் கொடுத்திருக்கவேண்டும். வேறு ஆள் பார்த்தால் வீடு போய்விடும் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

3

விதியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சதுப்பு நகர எல்லைக்குள் வந்தது 2023இல். அதற்கு முன்பு கட்டிய வீடு என்றால் நிற்கலாம். பிறகு கட்டியது என்றால் உடைப்பார்கள். வலயம் மாறினால் மட்டும் தப்பும். பாதுகாக்கவேண்டிய விலங்கு இருந்தால் வலயம் மாறாது.

ஸ்ரனிஸ்லாஸ் வீடு கட்டியது போன வருஷம்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வாய் கிரேனைவிட நீளம். ஆய்வுக்கு வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றான்.

"வாங்கோ மிஸ்," என்றான் தன் அக்காவைப் பார்த்து. "உங்களை எங்கயோ கண்ட மாதிரிக் கிடக்கு."

"கண்டிருக்க மாட்டீங்கள்," என்றாள் பேர்ணடெற், பல்லுக்குள்ளால்.

அவன் எல்லோரையும் நேரே வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனான். கிணற்றடிக்குப் போட்ட சீமெந்துத் தரை. அதன் நடுவில் ஆணியால் கீறியிருந்தது: 11.08.2021, ஸ்ரனிஸ்லாஸ். தரை போடும்போது பெயரும் திகதியும் கீறிவிடுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். வீடும் பழசென்று காட்ட, திகதியை நாலு வருஷம் பின்னால் தள்ளிக் கீறியதுதான் இவனுடைய கெட்டித்தனம். தரை போட்டது போன மாதம், ஒரு சனிக்கிழமை. பேர்ணடெற்றுக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவளே அவள்தான். அவன் கீறுவதைப் பார்த்துக்கொண்டு நின்று, எழுத்துச் சரிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றை மட்டும் ஸ்ரனிஸ்லாஸ் யோசிக்கவில்லை. அன்றிரவு சீமெந்து காயுமுன் ஏதோ ஒன்று அதன்மேல் நடந்து போயிருந்தது. ஏழு காலடி, ஒரே கோட்டில். நாலாவது காலடி 2021இன் பூச்சியத்துக்குள் சரியாக விழுந்திருந்தது.

"நாய் மிஸ்," என்றான் ராம். கம்பனி அனுப்பிய ஆள். வெள்ளைச் சப்பாத்தோடு சதுப்புக்கு வந்திருந்தான். "நகம் தெரியுது பாருங்க. பூனைன்னா நகத்தை உள்ள இழுத்துக்கும்."

டில்ஷானி குந்தியிருந்து அடிமட்டத்தை வைத்து அளந்தாள். "இது இழுக்காது. மீன்பிடிப் பூனை. இதுக்கு நகம் முழுசா உள்ள போகாது."

"நாயும் மீன் திங்கும் மிஸ்."

"திங்கட்டும். இப்பிடி ஒரு காலடிக்கு நேர அடுத்த காலடி வச்சு நடக்காது."

"அது எங்கட மேடம்," என்றான் ஸ்ரனிஸ்லாஸ் பெருமையாக. "கேட்டுக் கேள்வி இல்லாம உள்ள வருவா, சட்டியைத் திறந்து பாப்பா, ஒரு குறையைக் கண்டுபிடிச்சிட்டுப் போவா. அதான் மேடம் எண்டு பேர் வச்சனான்."

இரண்டு பெண் உத்தியோகத்தர்களும் அவனைப் பார்த்தார்கள்.

"இந்தத் திகதி சரியா?" என்று கேட்டாள் டில்ஷானி.

"சத்தியமாச் சரி மிஸ்."

"ஈரமா இருக்கேக்கதானே கால் பதிஞ்சிருக்கும்?"

"பின்ன?"

"அப்ப இது 2021இலயே இங்க இருந்திருக்கு."

"அதுக்கு முந்தியும் வந்தவ மிஸ்," என்றான். பொய்யை எங்கே நிறுத்துவதென்று அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

ராம் இடையில் புகுந்தான். "இல்ல மிஸ், இது புதுச் சீமெந்து. சதுப்புல நாலு வருஷம் கிடந்த தரையில பாசி பிடிக்காம இருக்குமா? இது போன மாசம்தான்" என்று தொடங்கியவனுக்கு, வாக்கியம் முடியுமுன்பே விளங்கிவிட்டது. புதுச் சீமெந்து என்றால் பூனை போன மாதம் வந்திருக்கிறது. பழைய சீமெந்து என்றால் நாலு வருஷமாக வருகிறது.

"நாய்," என்றான் திரும்பவும், மெதுவாக.

புறப்படும்போது பேர்ணடெற் வந்தவர்களின் பெயர்களை எழுதினாள். மேடமும் வந்தவதானே, காலடி இருக்கே என்று ஸ்ரனிஸ்லாஸ் விடாமல் நின்றான். தலையிடி தாங்காமல் ஐந்தாவதாக எழுதினாள். எழுதிவிட்டு, கையொப்பம் யார் வைப்பது என்று யோசித்து, நாலு தரம் அடித்தாள்.

4

(இங்கே ஒரு குழப்பம். டில்ஷானி எனக்கு இடைஞ்சலாக இருந்தாள். அவள் இல்லாவிட்டால் பேர்ணடெற் "விலங்கு: இல்லை" என்று எழுதுவாள், வலயம் மாறும், வீடு தப்பும். ஆகவே டில்ஷானியை வெட்டிப் பார்த்தேன். வெட்டியதும் காலடி நாயினுடையதாகிவிட்டது, ராம் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறிவிட்டான், கதை மூன்றாம் பக்கத்தில் செத்தது. திருப்பிக் கூட்டிவந்தேன். வந்தாள். முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.)

ஆகவே சதுப்பு சதுப்பாகவே இருக்கும். பூனையைப் பற்றி இனி யாரும் கவலைப்படவேண்டாம். கவலை வீட்டைப் பற்றித்தான்.

5

மற்றவர்கள் போனபிறகு அக்காவும் தம்பியும் பஸ் தரிப்பில் நின்றார்கள்.

"ஏன்டா திகதியைக் கிறுக்கினனீ?"

"எல்லாரும் கிறுக்கிறவைதானே."

"எல்லாரும் அண்டையத் திகதியைத்தான் கிறுக்குவினம்."

"நீயும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீ. எழுத்துச் சரிவு எண்டு பிழை வேற பிடிச்சனீ."

ஒரு பஸ் வந்து, நிற்காமல் போனது.

"அக்கா, நீ பொய் எழுதத் தேவையில்லை. 'தரையில் 2021 எனக் காணப்படுகிறது' எண்டு எழுது. காணப்படுகுதுதானே?"

"இந்தக் கதையெல்லாம் எங்க படிச்சனீ?"

"உன்னோடதானே வளந்தனான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

6

முடிவுகள்.

அ. பேர்ணடெற் "காணப்படுகிறது" என்று எழுதுகிறாள். வீடு நிற்கிறது, பூனை மீன் பிடிக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் பிடித்திருக்கிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. ஒரு கிழமைக்குள் அந்த வரிசை முழுவதும் புதுத் தரை போடும். ஒருவர் 2019 என்று கீறுவார், அடுத்தவர் 2005 என்பார். ஆசை பிடித்த ஒருவர் 1948 என்று கீறுவார்.

ஆ. உண்மையை எழுதுகிறாள். வீட்டை உடைக்கிறார்கள். தம்பி, பெஞ்சாதி, இரண்டு பிள்ளைகள், ஒரு ஃபிரிஜ்.* இதை எழுதத் தொடங்கியதும் மழை தானாகப் பெய்யப் பார்த்தது. நிறுத்திவிட்டேன்.

இ. களனி ஆறு பெருக்கெடுத்து, சீமெந்துத் தரையை அடியோடு

வெட்கம். வழி தெரியாத எழுத்துக்காரன்தான் வெள்ளத்தைக் கூப்பிடுவான்.

* ஃபிரிஜ் மாசாமாசம் கட்டுக்காசு கட்டி முடித்தது. அதையாவது அவனுக்கு விட்டுவைப்போம்.

7

பேர்ணடெற் இந்த மூன்றையும் எடுக்கவில்லை. நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். அறிக்கையில் காலடியை அளவோடு எழுதினாள். கீழே, "குடியிருப்பாளர் எனது உடன்பிறந்த சகோதரர். ஆகவே தரையின் வயது பற்றி நான் அபிப்பிராயம் கூற முடியாது. அவரையே அழைத்துக் கேட்கவும்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தாள். இதை முன்பே சொல்லாததற்கு மேலதிகாரியிடம் முக்கால் மணித்தியாலம் ஏச்சு வாங்கினாள். ஃபைலும் கையை விட்டுப் போனது.

பதினைந்தாம் நாள், வலய மாற்றத்தைத் தீர்மானிக்கும் குழு கந்தோரில் கூடியது. ஒழுங்கைபோல் நீண்ட நடையில் ஒரு வாங்கு. அதில் ஸ்ரனிஸ்லாஸ், இஸ்திரி போட்ட சேர்ட்டோடு. பக்கத்தில் அக்கா.

"என்ன சொல்லட்டும்?"

"எனக்குத் தெரியாது."

"நீ படிச்சனீ."

"உன்ர சீமெந்து. நீ சொல்லு."

"திகதி சரியெண்டு சொன்னா?"

"நம்பினாலும் நம்புவினம். என்னை இனிக் கேக்க மாட்டினம்."

"போன மாசம் போட்டதெண்டு சொன்னா?"

"கொட்டாஞ்சேனையில ரெண்டு அறை கிடக்கு. ஒண்டு உங்களுக்கு. உன்ர வாயை மட்டும் வெளியில வச்சிட்டு வரோணும்."

அவன் சிரித்தான். பிறகு சிரிக்காமல் இருந்தான்.

இவ்வளவு நேரமும் அவன் பேசியதெல்லாம் நான் எழுதிக் கொடுத்தவை. இப்போது கேட்கிறான், என்னிடம் ஒன்றும் இல்லை. இது சோம்பல் அல்ல. அவனுடைய வீட்டை நிறுத்தவோ உடைக்கவோ எனக்குப் பிடிக்கவில்லை, அவனுடைய அக்காவுக்குப் பிடிக்காததுபோலவே. அவன் எப்படிப் பொய் சொல்வான் என்று உங்களுக்குத் தெரியும். உண்மை சொன்னால் எப்படிச் சொல்வான் என்று நீங்கள்தான் யோசிக்கவேண்டும்.

பியோன் வந்து சிங்களத்தில் பெயரைக் கூப்பிட்டார். ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து சேர்ட்டை உள்ளே விட்டான்.

"அக்கா, சேர்ட் சரியா?"

"சரி. போ."

போனான். போன மாதம் ஒரு கூட்டத்துக்குள் ஊர்ச்சனம் புகுந்ததிலிருந்து, ஆள் உள்ளே போனதும் பூட்டிவிடுவது இங்கே வழக்கம். பேர்ணடெற் எழுந்து ஓரடி எடுத்துவைத்தாள். பியோன் அவளைப் பார்த்து, வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுத் தானும் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு தரம் திரும்பியது.