கேட்காமல் திறந்த கம்ப்யூட்டர்

"எங்கப்பா வரஞ்ச டிசைனத் திருப்பிக் குடுங்க."

ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் மடித்த பட்டுத் துண்டை வைத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்த வேணுகோபால் முதலாளியின் கை அப்படியே நின்றது. பாட்டுப் படித்துக்கொண்டிருந்த சபைப் பெண்கள் ஒரு வரியைத் தவறவிட்டு அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

சத்யராஜ் தன் மகள் சுகாசினிக்குப் போட்டிருந்த தடை ஒன்றே ஒன்றுதான். முதலாளியிடம் வேலை கேட்கலாம், லீவு கேட்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்கலாம். எதையும் திருப்பிக் கேட்கக் கூடாது. அந்தக் கடைக்குப் பட்டுப்புடவை டிசைன் போட்டுப் போட்டே கண்ணாடி கனத்துப்போன மனிதர், இப்போது கண்ணாடி இல்லாத வெறும் முகத்தோடு பெட்டிக்குள் படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே மகள் கேட்டுவிட்டாள்.

"எந்த டிசைனும்மா?" முதலாளி குரலை உயர்த்தவில்லை. "அவரு குடுத்தாரு, நாங்க நெய்ஞ்சோம். இதுல திருப்பிக் குடுக்க இன்னா இருக்குது?"

"குடுத்தத கேக்கலீங்க. எடுத்தத கேக்கறேன்."

சொல்லும்போது அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் செல்போனைத் தடவிக்கொண்டு நின்ற அவர் மகன் கமலைப் பார்த்தாள். தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தடவியது.

"பாப்பா பாவம், தூக்கமில்லாம பேசுது," என்று கூட்டத்துக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு முதலாளி நாற்காலியைத் தேடினார்.

செல்லியம்மாள் அத்தை அவள் முழங்கைக்கு மேல் கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "எந்தம்பி பொணம் இன்னும் ஊட்ட உட்டுப் போவல, அதுக்குள்ள நாயம் பேச வந்துட்டா. படிச்சாளாம் பெரிய படிப்பு! போயி மூஞ்சியக் கழுவுடி."

சுகாசினி முகத்தைக் கழுவவில்லை. உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

காலையில் ஆரம்பித்தது இது. பேனர் கடைக்காரர் அப்பாவின் போட்டோ கேட்டார். நல்ல போட்டோ கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஐஸ் பெட்டிக்காரர் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த பாயிண்டில் பெட்டியைச் சொருகியிருந்ததால், சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பலகை இழுத்துக் கம்ப்யூட்டரைப் போட்டாள். பெயரைக் காட்டி பாஸ்வேர்டு கேட்கும் திரைக்காகக் காத்திருந்தாள். அந்தத் திரை வரவேயில்லை. கேட்பாரற்ற வீட்டுக்குள் காற்று நுழைவதுபோல நேராக உள்ளே போய்விட்டது. நீலத் திரையில் பாலாற்று மணல் படம், கீழே வரிசையாக டிசைன் ஃபோல்டர்கள்.

பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்ததே அவள்தான், காலேஜில் முதல் வருடம் படிக்கும்போது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் செய்த முதல் காரியம் அது. "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுப்பா. அம்மாகிட்ட கூட." ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்து, திரை திறந்ததும் ஒருதரம் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார், அவளே ஊரில் இல்லாத நாட்களிலும் அந்தப் பக்கம் பார்ப்பார் என்று அம்மா சிரிப்பாள்.

பூட்டி வைக்கவேண்டியது ஒன்று அதற்குள் இருந்தது. கொண்டலாத்தி. பாலாற்று மணலில் கொத்திக்கொண்டு திரிந்த பறவையை அப்பா ஒருநாள் பார்த்துவிட்டு வந்தார். அதன் விசிறிக் கொண்டையைப் புடவைக் கரையில் வைத்தார், உடம்பு வரிகளை முந்தியில் ஓடவிட்டார். கடை வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வருடம் வரைந்தார். "இது கடைக்கு இல்லமா. நெசவாளர் சொசைட்டில காட்டி எம்பேர்லயே நெய்யக் குடுக்கப் போறேன். இது நம்மளுது." அவர் வாயிலிருந்து 'நம்மளுது' என்ற வார்த்தை எந்தப் பொருளைப் பற்றியும் வந்து அவள் கேட்டதில்லை. சொன்ன மாதத்திலேயே ரத்தக்கொதிப்பு மூளைக்கு ஏறி விழுந்தார். சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தவர் கண் திறக்காமலே திரும்பி வந்தார். அந்த டிசைனால் லாபம் பார்க்கக் கூடியது கடை ஒன்றுதான், அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவன் கமல் ஒருவன்தான்.

கதவைத் தட்டாமல் கமல் உள்ளே வந்தான்.

"இன்னா சுகா, எங்கப்பாவ எல்லார் முன்னாடியும் அப்பிடிக் கேட்டுட்ட? பழைய சிஸ்டம்தானே இது. கரண்ட்டு போயிப் போயி வந்தா பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிடும். உள்ள பேட்டரி வீக்கா இருக்கும்."

அவள் திரும்பினாள். "பாஸ்வேர்டு கேக்கலன்னு நான் யாருகிட்டயும் சொல்லலியே."

கமல் சுவரில் மாட்டியிருந்த கேலண்டரைப் பார்த்தான். "இல்ல... நீ கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துக்கினு இருக்கறியே, அதான்."

"பேட்டரி போனா தேதி தப்பாக் காட்டும். பாஸ்வேர்டு போவாது. பி.சி.ஏ. படிச்சவகிட்ட வந்து பேட்டரி கத சொல்றீங்களே."

"சரி தாயே, நீ பெரிய இஞ்சினீயரு." சிரிக்கப் பார்த்தான். "அதுக்குள்ள இருக்கறது எல்லாமே நாங்க சொல்லி வரஞ்சதுதான். பொழுதாவுது, பெட்டி வந்துடும். அழுவற வேலையப் பாரு."

அவன் போனதும் அவள் அழுகிற வேலையைப் பார்க்கவில்லை. திரையைப் பூட்டிப் பார்த்தாள். உடனே பாஸ்வேர்டு கேட்டது. அப்பாவின் பழைய பாஸ்வேர்டை அடித்தாள். திறந்தது. அப்படியென்றால் யாரும் பாஸ்வேர்டை அழிக்கவில்லை, உடைக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் கேட்காமல் உள்ளே போ என்று சொல்லி வைக்க ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தாள். பாஸ்வேர்டு கேட்கவேண்டும் என்ற டிக் எடுக்கப்பட்டிருந்தது. அதை எடுக்கும்போது பழைய பாஸ்வேர்டை அடிக்கச் சொல்லும், சரிதானா என்று இன்னொரு தடவையும் அடிக்கச் சொல்லும். தெரியாதவனால் அதைத் தாண்ட முடியாது. கடைசியாகத் திறந்த டிசைன் ஃபைல்களில் கொண்டலாத்திதான் முதலில் நின்றது. அதைத் திறந்த தேதியில் அப்பா மூக்கிலும் வாயிலும் குழாயோடு படுத்திருந்தார், பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தி இவள். இன்னொருத்தர் முன்னறையில் ஐஸ் பெட்டியில் இருக்கிறார்.

விழுவதற்கு முன்பே சொல்லிவிட்டாரா? ஒரு வருடம் 'நம்மளுது' என்று ஒளித்து வைத்துவிட்டு, முதலாளி வீட்டுப் பையன் வந்து நின்றதும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று கொடுத்துவிட்டாரா? செத்தவர் மேல் வந்த சந்தேகம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போக மறுத்தது. கதவிடுக்கு வழியாகத் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாலை வாங்கி வந்தவர், காபி ஊற்றுகிறவர், தலைவிரி கோலமாக அத்தை. எல்லார் கையிலும் அவள் வீட்டுச் சாவி இருப்பதுபோல் தோன்றியது.

சவப்பெட்டி வந்தது. ஐஸ் பெட்டியின் மேலிருந்த மாலைகளை அள்ளி வெளியே போட்டார்கள். அத்தை பட்டுத் துண்டை எடுத்து அவள் கையில் திணித்தாள். "முதலாளி போட்டதுடி. பெட்டிக்குள்ள அப்பன் மேல நீயே போத்து."

கடையில் வேலை பார்த்தவர்கள் செத்தால் முதலாளி வீட்டிலிருந்து இப்படி ஒரு துண்டு வருவது வழக்கம். அசல் பட்டு, அசல் ஜரிகை. ஆனால் விற்பனைக்கு ஆகாது. நெய்து பார்த்துத் தள்ளிய சாம்பிள்களில் ஒன்றாக இருக்கும். அதைப் போர்த்திக்கொண்டு போவது அந்தத் தெருவில் மரியாதை.

சுகாசினி துண்டை விரித்தாள். அரக்கு நிறத்தில் வரிசையாகக் கொண்டலாத்திகள், விசிறிக் கொண்டையும் நீண்ட அலகுமாக. ஒன்றுக்கும் கண் இல்லை.

சத்யராஜ் எந்தப் பறவைக்கும் கடைசி வரை கண் வைக்கமாட்டார். டிசைன் முடிந்து, கொடுக்கிறது என்று மனசு ஒப்பினால்தான் ஒரு கட்டம் நிரப்பிக் கண் வைப்பார். "நீ இன்னா ஸ்தபதியா, கண்ணு தொறக்கறதுக்கு நாள் பாக்கற?" என்று அம்மா கிரேஸ் கேலி செய்வாள். இந்தப் பழக்கம் வீட்டுக்குள் தெரிந்தது. கடையில் யாருக்கும் தெரியாது. கண் வைத்த பறவைகளைத்தான் அவர்கள் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறார்கள்.

துண்டோடு முதலாளி முன்னால் போய் நின்றாள். "இதுக்குக் கண்ணு எங்கீங்க?"

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வியாபாரி பழக்கத்தில் கட்டைவிரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தார். "இது வேஸ்ட் சாம்பிளும்மா. நெய்யறப்ப கண்ணு வராமப் போச்சுன்னு போன வாரம் கமல் தள்ளி வெச்சிருந்தான். நல்ல பட்டாச்சேன்னு நாந்தான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். கமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தான். போன் அடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. முதலாளி மறுபடியும் துண்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"பொழுதாவுது," என்றார். "எடுங்கப்பா."

சுகாசினி துண்டைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தாள்.

"அய்யோ, பொணத்து மேல போட்டத வெச்சிக்கக் கூடாதுடி!" என்று அத்தை பதறினாள்.

"எங்கப்பா மேலதானே போட்டாங்க. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஜெபம் பண்ணி முடிக்கும் வரை அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. மண் போடும்போதும் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போட்டாள்.

வீடு திரும்பியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். கிரேஸ் சுவரில் சாய்ந்து, யாரோ கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"ம்மா. அப்பாவோட பாஸ்வேர்டு ஒனக்குத் தெரியுமா?"

கிரேஸ் சண்டே ஸ்கூல் பிள்ளைபோல ஒப்பித்தாள். "ஜி, ஆர், ஏ, சி, ஈ, செவன், செவன்."

ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது.

"தெனம் காலைல வாய்விட்டுச் சொல்லிக்கினேதான் அடிப்பாரு. எம்பேராம் அது. எனக்கு இங்கிலீசுல தெரிஞ்சதே அவ்ளோதான்."

"யாருகிட்ட சொன்ன?"

"ஆஸ்பத்திரிலருந்து நான் துணிமணி எடுத்துக்கினு போவ ஊட்டுக்கு வந்தேன் பாரு, அப்ப முதலாளி மவன் வந்துது. ஒரு ஆர்டரு உள்ள மாட்டிக்கினு இருக்குது ஆன்ட்டி, குடுக்கலன்னா அங்கிள் பேரு கெட்டுப்பூடும்னுது. அவங்க வண்டிலதானேடி அவர மெட்ராசுக்குக் கொண்டும்போனோம்? வந்து நிக்கறவங்கள எப்பிடி இல்லன்றது? இனிமே ஒவ்வொரு தபாவும் உங்களக் கேட்டுக்கினு இருக்கத் தேவையில்லன்னு, கேக்காமத் தொறக்கற மாரி பண்ணி வெச்சிட்டுப் போச்சு."

"ஒவ்வொரு தபாவுமா? எத்தினி தபா வந்தான்?"

கிரேஸ் டீயைக் கீழே வைத்தாள். "அவரு பொழைக்கமாட்டாருன்னு டாக்டரு சொன்ன அன்னிக்கு முதலாளி போன் பண்ணாரு. கடைல அவரு ஒக்கார்ற சீட்டு இனிமே ஒனக்குத்தான்னு வாய்விட்டுச் சொன்னாருடி. மெட்ராசுல எவன் கம்பெனிலயோ ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சி நீ இன்னாத்த கண்ட? இங்க ஊட்டுச் சோறு, பக்கத்துல வேல. அத மனசுல வெச்சிக்கினுதான்..." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நீ பாட்டுக்குக் கேஸுன்னு போயிடாத. இந்தத் தெருவுல பாதி ஊட்ல அவங்க ஆர்டருலதான் அடுப்பெரியுது. நம்மகூட ஒருத்தரும் பேசமாட்டாங்க."

"அப்ப அப்பா குடுக்கல."

"அவரா?" கிரேஸுக்குக் கோபம் வந்தது. "கண்ணு வெக்காம அவரு யாருக்குக் குடுத்திருக்காரு?"

சொல்லிவிட்டு அவள் மகளின் பையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகாசினி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு பழைய துணியில் சுற்றிப் பட்டுத் துண்டோடு வைத்து ஜிப்பை இழுத்தாள். செருப்பை மாட்டும்போது அம்மா கேட்டாள்: "எங்க?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

"நாளைக்கு முதலாளி கடைக்கு வரச் சொன்னாரே."

"வரமாட்டேன்னு சொல்லிடு. இல்ல, நானே அங்கருந்து சொல்லிக்கறேன்."

வெளியே வெயில் இறங்கியிருந்தது. பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒத்தாசைக்கு இரு என்று முதலாளி விட்டுவிட்டுப் போன கமல் சந்தின் உள்பக்கம் புல்லட் மேல் சாய்ந்து நின்றவன், அவள் பையைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"எங்க சுகா, சாவு ஊட்லருந்து கெளம்பிட்ட? ஒக்காரு, நான் கொண்டும்போய் உடறேன்."

அவள் பதில் சொல்லாமல் அவனைத் தாண்டி நடந்தாள். பின்னால் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. கூடவே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தமும்.

"ஆன்ட்டி, வண்டி எடுக்கணும். கொஞ்சம் நவுந்துக்கறீங்களா?"

சந்து முனைக்குப் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். சந்தின் குறுகிய இடத்தில், புல்லட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக் கிரேஸ் உட்கார்ந்திருந்தாள். மகள் போகும் பக்கம் பார்க்கவில்லை, மடியில் கை கோத்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா நாற்காலியையும் அடுக்கி முடித்துவிட்ட பந்தல்காரர், அந்த ஒன்றுக்காக ஓரமாக நின்றிருந்தார்.