கிருமிக்குப் பேர் வைத்தல்

...இரண்டில் ஒன்றுதான், இரண்டும் முடியாது, ஆய்வுகூடத்துச் சேர் அதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்காமல் சொல்வதற்காக இருக்கலாம், புதிய பற்றீரியாவைக் கண்டுபிடித்தவர் அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லை, கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் சாருஜா இருந்தால் அவள் பெயரை வைக்க முடியாது, அவள் பெயரை வைப்பதென்றால் பட்டியலிலிருந்து அவளை எடுக்கவேண்டும். "நீர் அவவின்ட ஹஸ்பண்ட், நீர்தான் சொல்லவேணும் உமாசுதன். பின்னேரத்துக்குள்ள சொல்லும், இண்டைக்கு அனுப்பிப்போட வேணும்." ஓம் சேர் என்றேன். எதற்கு ஓம் என்றேன்? இப்போது கைகள் இரண்டும் கண்ணாடித் தடுப்புக்குள்ளே இருக்கின்றன, காற்று இரைந்துகொண்டிருக்கிறது, மூக்கு அரிக்கிறது, சொறிய முடியாது, கையை வெளியே எடுத்தால் மறுபடி ஸ்பிரிட் பூசி முதலிலிருந்து தொடங்கவேண்டும்... கம்பி வளையத்தைச் சுவாலையில் சிவக்கவிட்டு, ஆறவிட்டு, பழைய தட்டில் கிருமி வளர்ந்த ஒரு மஞ்சள் பொட்டைத் தொட்டு, புதிய தட்டில் கோடு இழுக்கிறேன். வெளிநாட்டுச் சேமிப்பகங்கள் இரண்டுக்கு இது உயிரோடு போய்ச் சேரவேண்டும், அப்போதுதான் புதிய இனம் என்று ஏற்பார்கள். உயிரோடு. சேர் அந்தச் சொல்லைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதற்கப்பால் கல், கடல், நடுவே அடம்பன் கொடி படர்ந்த துண்டு நிலம், ஒரு மாலை சாருஜா அங்கே குந்தியிருந்து வீட்டுத் தேநீர்க் கரண்டியால் வேரடி மண்ணைக் கிண்டினாள், பாணந்துறை ரயில் போனது, கதவில் தொங்கிய ஒருவன் "ரத்தரங்த நங்கி?", தங்கமா தங்கச்சி, என்று கத்தினான், தங்கமென்றால் உனக்குச் சொல்வேனா என்று அவளும் சிங்களத்தில் திருப்பிக் கத்தினாள், ரயில் அதற்குள் வளைவில் மறைந்துவிட்டது, அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மண்ணில் முளைத்தவை எல்லாம் தெரிந்தவைதான், ஒரு மஞ்சள் பொட்டைத் தவிர. அதன்பிறகு மாதக்கணக்காக அவள் வேலை, எந்தச் சர்க்கரையை உண்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, எந்தச் சூட்டில் சாகிறது... நான் செய்ததெல்லாம் அதன் மரபணுவைக் கணினியில் கிட்டிய இனங்களோடு ஒப்பிட்டதுதான். ஒற்றுமை போதவில்லை என்று வந்த அன்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள், "சொந்தம்தான், ஆனா வீடு வேற." பிறகு டெங்கு வந்தது. அதை இப்போது நினைக்க முடியாது, கோடு கோணும்.

வெள்ளைக் கோட்டின் பைக்குள் தொலைபேசி அதிர்கிறது, நிற்கிறது, மறுபடி அதிர்கிறது. பக்கத்து மேசையில் வேலை செய்யும் நிரோஷா வந்து அதை எடுத்துப் பார்த்தாள். "அண்ணா, உங்கட மாமி. விடமாட்டா போல." ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். கொட்டாஞ்சேனையிலிருந்து சாருஜாவின் அம்மா, ஆய்வுகூடம் முழுக்கக் கேட்கிற குரலில். "தம்பி, சாப்பிட்டீங்களோ? சேர் கோல் எடுத்துச் சொன்னவர். பிள்ளையின்ட பேர் உலகம் அழியுமட்டும் இருக்குமாம். கனடாவில மூத்தவனுக்கும் சொல்லிப்போட்டன்." பிறகு குரல் தாழ்ந்தது. "அது நல்ல கிருமிதானே தம்பி? ஆக்களுக்கு வருத்தம் ஒண்டும் குடுக்காதே?" நிரோஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "குடுக்காது மாமி. மண்ணுக்குள்ள தன்ட பாட்டில இருக்கும்." "அப்ப அவளை மாதிரி இல்லை. அவள் எங்க தன்ட பாட்டில இருந்தவள்?"

இருந்ததில்லை. முந்தைய கட்டுரையொன்றில் நன்றி சொல்லும் வரியில் அவளைப் போட்டபோது நேரே சேரின் அறைக்குள் போனாள், நன்றி வேண்டாம் சேர், வேலை செய்தனான், செய்த ஆக்களோட போடுங்கோ... போட்டார். கிருமிக்கு என் பெயரை வைத்தால் அம்மா டெட்டோல் ஊற்றுவாள் என்றும் ஒருமுறை சொன்னாள், அது பகிடியா, விருப்பமா, நான் கேட்கவில்லை. பட்டியலில் விட்டால் இறந்தவர் என்று காட்ட அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை அச்சாகும், சைவப் பிள்ளைக்குச் சிலுவையோ என்று மாமி கேட்பார். எடுத்துவிட்டால் அடுத்த பெயர் என்னுடையது. முதலாவதாக நான். மண் கிண்டாதவன், தட்டுக் கழுவாதவன். உலகம் அழியும்வரை என்கிறார்கள், ஆனால் ஒரு பெயரிடம் யார் சந்தேகம் கேட்பார்கள், எழுதியவரிடம்தான் கேட்பார்கள், எழுதியவர்தான் பிழைவிடலாம், சண்டை பிடிக்கலாம்...

"மாமி, அவவின்ட பேர் வைக்கேல்லை." சொன்ன பிறகுதான் அது முடிவு என்று தெரிந்தது. "கட்டுரையில செய்தவ எண்டு முதல் ஆளாப் போடுறம். ரெண்டும் ஏலாது." "முதல் ஆளாவோ? உங்களுக்கும் முன்னாலயோ?" "ஓம் மாமி." "அது சரி," என்றார் மாமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவளை ஒருத்தருக்கும் பின்னால விட ஏலாது. ஆனா கனடாக்காரனுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?" நிரோஷா தொலைபேசியை அணைத்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள், "அப்ப இதுக்கு என்ன பேர் அண்ணா?" தெரியாது. சேர் ஏதாவது வைப்பார், இடத்தின் பெயர், நிறத்தின் பெயர்... எனக்கு மூச்சு இலேசாக வந்தது, அதுதான் சந்தேகமாக இருந்தது, அவளுக்கு நியாயம் செய்துவிட்டேன் என்ற இலேசு இல்லை அது, முன்வரிசைக்கு அழைக்கப்பட்டவனைப் பழைய இடத்திலேயே போய் உட்கார் என்று திருப்பி அனுப்பினால் வருகிற இலேசு. ரயிலோரத்து ஒற்றையடிப் பாதையில் இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை, எப்போதும் அவள்தான் முன்னே போவாள், அவள் செருப்பின் குதிக்காலைப் பார்த்துக்கொண்டே நான் நடப்பேன், எங்கே போகிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.