கேட்காத வாக்கு

"இங்கனதான் வச்சேன் எழிலு. தலமாட்டுல ஒரு கல்லு வேற நட்டேன். இப்பக் கல்லையும் காணல, ஒண்ணையும் காணல."

பெத்தணன் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால் மண்வெட்டி சரளையில் இழுபடும் சத்தம் போனில் கேட்டது.

"நல்லாப் பாருங்க மாமா."

"என்னத்தப் பாக்க? பஞ்சாயத்துல ஜேசிபிய விட்டு கருவேல முள்ளையெல்லாம் வாரித் தள்ளியிருக்கானுக. சுடுகாடே வேற ஊரு மாதிரி கெடக்கு. மூணு எடத்துல தோண்டியாச்சு. அக்காட்ட இப்பச் சொல்லிராத தாயி."

எழில் போனை இறக்குவதற்குள் பந்தலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஆம்புட்டுச்சா?"

"தேடுறாகம்மா."

"தேடட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல."

முருகம்மாள் குளிர்பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் அவள் புருஷன் வேலுச்சாமி கிடந்தார். வேட்டியின் இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாக இறங்கியிருந்தது. யாரோ அந்த இடத்தில் ரோஜா மாலையைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதனாலேயே வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அங்கேதான் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை மதுரையில் அந்தக் காலை எடுத்தார்கள். விட்டால் ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிடுவார்கள் என்று பெத்தணன் மாமா எழுதிக் கொடுத்து அதைக் கையில் வாங்கிக்கொண்டார். வெள்ளைத் துணியில் சுற்றி, கட்டைப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்து ஆமத்தூர் ஓடைக்கரை இடுகாட்டில் புதைத்தார். வெள்ளிக்கிழமை விடியுமுன் வேலுச்சாமியும் போய்விட்டார். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றதும் முருகம்மாள் அழவில்லை. தம்பியைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தக் காலு கெடக்குற குழியிலதான் ஒம் மச்சானும் படுக்கணும். முழு ஆளாத்தான் அனுப்புவேன். அதுவரைக்கும் ஒருத்தனும் பொட்டியத் தொறக்கப்படாது."

இப்போது மணி மூன்று தாண்டிவிட்டது. மேளக்காரர்கள் இரண்டாவது தடவை டீ குடித்துவிட்டார்கள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து மாலையோடு அனுப்பிய ஒரு பெட்டி வெடி, பந்தல் காலுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் இருந்தது.

வேலுச்சாமி முப்பத்தோரு வருஷம் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். அவரோடு சேர்ந்தவர்களில் நாலு பேர் இல்லை. இரண்டு பேருக்கு முகம் இல்லை. அவருக்கு மட்டும் ஒரு கொப்புளம்கூட வந்தது கிடையாது. தினமும் காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி, அங்கேயே மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் கம்பெனி வண்டியில் ஏறுவார். கடைசியில் அந்தச் செருப்பின் வார்தான் கடித்தது. சர்க்கரை உடம்பு. சுண்டுவிரல் கறுத்து, பாதம் கறுத்து, கெண்டைக்கால் வரை ஏறியது.

டாக்டர் எழிலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இப்ப எடுத்தா முழங்காலுக்குக் கீழ. அடுத்த வாரம்னா ஆளையே காப்பாத்த முடியுமான்னு தெரியாதும்மா."

வேலுச்சாமி சிரித்தார். "வெடிக்குக் குடுக்காத கால கத்திக்குக் குடுக்கவா? ஆத்தா சொல்லட்டும், குடுக்கேன்."

முருகம்மாளுக்கு அதைவிடத் துணிச்சல். கோயில் மண்டபத்திலேயே அவரைக் கொண்டுபோய்க் கிடத்திவிடலாம், வேப்பிலையும் தீர்த்தமும் போதும் என்றாள். அவள் சொன்னதற்குச் சாட்சி வீட்டிலேயே இருந்தது. எழிலுக்கு நாலு வயதில் அம்மை போட்டுக் கண் இரண்டும் மூடிக்கொண்டது. பார்வை திரும்பாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முருகம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அதே மண்டபத்தில் இருபத்தோரு நாள் கிடந்தாள். இருபத்திரண்டாம் நாள் காலையில் எழில், "அம்மா, மணி ஆடுது" என்றாள். அந்தக் கதையை முருகம்மாள் சொல்லிக் கேட்காதவர்கள் தெருவில் கிடையாது. இன்றைக்கு எழில் சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டிக்குப் படம் போடுகிறாள். "ஆத்தா குடுத்த கண்ணு சோறு போடுது" என்பாள் முருகம்மாள்.

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. செவ்வரளி வந்தால் காலை எடுக்கலாம். வெள்ளையரளி வந்தால் எடுக்கக் கூடாது. பூவை வாழையிலையில் மடித்து இரண்டு பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு பச்சைப்பிள்ளை ஒன்றை எடுக்கும். எடுக்காததைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

"பொட்டணத்த எழிலு கட்டட்டும். வயித்துல பொய் தங்காத பிள்ள" என்றாள் முருகம்மாள்.

எழில் கிணற்றடியில் உட்கார்ந்து கட்டினாள். சின்ன வயதில் சரவெடி பின்னிப் பழகிய விரல்கள். முடிச்சு இரண்டும் அச்சடித்த மாதிரி விழுந்தன. வெள்ளையரளியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் இருந்தது.

அண்ணன் பாலகுருவின் மகள் ஓவியா, ஆறு வயது, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி முத்துராமலிங்கம் பிரித்துக் காட்டினார். முருகம்மாள் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். வேலுச்சாமி ஆட்டோவில் இருந்தபடியே கும்பிட்டார். "அவளே சொல்லிட்டா. இனிச் செருப்பு ஒத்தைக் காலுக்கு வாங்குனாப் போதும்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவர் எழிலைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, பெருவிரல் ஊறுது. சொறிஞ்சு விடு."

"எந்தக் காலுப்பா?"

"இடது."

எழில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனாள். பிறகு போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் நகத்தை வைத்துச் சொறிந்தாள்.

"கொஞ்சம் மேல. ஆங், அங்கனதான்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாருக்கு தாயி."

அதன் பிறகு ஒரு முழு நாள்தான் இருந்தார். இருதயம் தாங்கவில்லை என்றார் டாக்டர். காலை எடுக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு நாள்கூட இருந்திருக்க மாட்டார் என்றும் சொன்னார். அதை எழில் ஆம்புலன்ஸில் வரும்போது மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். திருமங்கலம் தாண்டியதும் அது வெறும் சத்தமாகிவிட்டது.

பூசாரி முத்துராமலிங்கம் வந்தபோது மேளம் நின்றிருந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"வாங்க பூசாரி" என்றாள் முருகம்மாள். "நல்லாப் பாருங்க. ஒங்க ஆத்தா கேட்டதக் குடுத்துட்டோம். காலு போதும்னுதான சொன்னா? ஆளையும் எதுக்கு எடுத்தா?"

"தாயி, கோவத்துல..."

"கோவமா? பதினேழு வருஷம் அக்கினிச்சட்டி எடுத்த கையிது. வெட்டாதன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு அவ மண்டபத்துல கொண்டுபோய்ப் போட்டிருப்பேன். எம்பிள்ள கண்ண மீட்டுக் குடுத்தவளுக்கு எம்புருசன் காலு பெருசா? அவளே வெட்டச் சொல்லிட்டுப் பேசாம இருந்துக்கிட்டா. இனி இந்த வீட்டுல அவளுக்கு வெளக்கும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது."

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். "நான் பிரிச்சுத்தான தாயி காட்டுனேன். பிள்ள எடுத்துக் குடுத்துச்சு."

அவர் அதைத் தப்பித்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. வேலுச்சாமியின் தங்கை, சாத்தூர்க்காரி, மூக்கைச் சிந்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அதத்தான் நானும் நெனச்சேன் மதினி. யாரு கையி எடுக்குதுன்னு பாக்க வேண்டாமா? இந்தப் பிள்ள பெறந்த வருசந்தான் பாலகுரு வேல பாத்த ரூமு வெடிச்சுச்சு."

"அத்த, வாய மூடுறீகளா?" என்றான் பாலகுரு.

"நான் என்னத்தடா சொல்லிட்டேன்? கையின்னு ஒண்ணு இருக்குல்ல?"

பெண்கள் யாரும் ஆமோதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஓவியா உள்ளேயிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். காலையிலிருந்து அப்பத்தா ஒன்றும் குடிக்கவில்லை என்று அவளுடைய அம்மா பாண்டிலட்சுமி கொடுத்தனுப்பியிருந்தாள்.

"அப்பத்தா, தண்ணி."

முருகம்மாள் செம்பைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். பெட்டியின் மேலிருந்த தன் கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

பிள்ளை கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள். பாண்டிலட்சுமி வந்து செம்பை வாங்கி, அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். மேளம் மறுபடியும் ஆரம்பித்தது.

கொல்லைப்புறத்துக் குழாயடியில் எழில் ஓவியாவைக் கண்டாள். குத்தவைத்து, துணி சோப்பை எடுத்து வலது கையை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை நுரை.

"என்ன செய்ற?"

"அத்தை, மோந்து பாரு." கையை நீட்டினாள். "போயிருச்சா?"

எழில் அந்தக் கையை மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் இருந்தது. குழாயைத் திறந்து கழுவிவிட்டாள். தன் பாவாடையிலேயே துடைத்துவிட்டு, "உள்ள போய் அம்மாகிட்ட இரு" என்றாள்.

பந்தலுக்குப் போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அம்மாவின் காதுக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள். வேர்வையும் பழைய மல்லிகையும் கலந்த வாடை.

"அம்மா. ஆத்தா ஒண்ணும் சொல்லல. ரெண்டு பொட்டணத்துலயும் நான் செவப்புத்தான் வச்சேன்."

முருகம்மாளின் முதுகு அசையவில்லை. கேட்கவில்லையோ என்று எழில் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"ரெண்டுலயுமா?"

"ஆமா."

மேளம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கியது. முருகம்மாள் பெட்டியின் கண்ணாடிக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் நெற்றியில் வைத்த காசு மெல்லச் சரிந்திருந்தது.

"அப்ப நாம அவகிட்ட கேக்கவே இல்லயா" என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

அடி விழும் என்று எழில் எதிர்பார்த்தாள். அடி விழவில்லை. அம்மா திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த முதுகுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று எழிலுக்குத் தெரியவில்லை. முருகம்மாள் திடீரென்று மேளக்காரர்களை நோக்கிக் கையை உயர்த்தினாள். சத்தம் நின்றது.

"ஏ பாண்டிலட்சுமி, பிள்ளையத் தண்ணி கொண்டாரச் சொல்லு. ஓவியாவ."

ஓவியா செம்போடு வந்தாள். கை ஈரம் இன்னும் காயவில்லை. முருகம்மாள் பிள்ளையின் கையோடு சேர்த்துச் செம்பைப் பிடித்து, அண்ணாந்து, முழுச் செம்பையும் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாத்தூர்க்காரி முந்தானையைச் சரி செய்தாள்.

"இன்னும் கொஞ்சம் கொண்டா தாயி. பூசாரிக்கும் குடு" என்றாள் முருகம்மாள்.

நாலரை மணிக்குப் போன் அடித்தது.

"கெடச்சிருச்சு எழிலு" என்றார் பெத்தணன் மாமா. "கெடச்சிருச்சு. தூக்கச் சொல்லு."

குரல் வேகமாக வந்தது, சீராக இருந்தது. மூன்று மணிக்கு இருந்த மூச்சிரைப்பு இல்லை. எங்கே கிடைத்தது, எப்படிக் கிடந்தது, துணி அப்படியே இருந்ததா, எதையும் அவர் சொல்லவில்லை. எழிலும் கேட்கவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கிணற்றடியிலிருந்து எழுந்து வந்து பொட்டலங்களைப் பூசாரியிடம் நீட்டி, "கட்டிட்டேன்" என்றபோது அவள் குரலும் இப்படித்தான் இருந்தது.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"கெடச்சிருச்சாம்."

அதற்குப் பிறகுதான் முருகம்மாள் மகளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நெசமா?"

பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா சொல்றாகம்மா" என்றாள் எழில்.

முருகம்மாள் அந்தப் பார்வையை எடுக்கவில்லை. பிறகு தரையில் கையை ஊன்றி எழுந்தாள். ஒருக்களித்து ஆடிய உடம்பைப் பாலகுரு வந்து தாங்கிக்கொண்டான்.

"தூக்குங்க. பொழுது எறங்குது" என்றாள்.

குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனதும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. கம்பெனி வெடியை வழி நெடுகக் கொளுத்திக்கொண்டே போனார்கள். சத்தத்தை வைத்தே பெண்கள் வழியைக் கணக்குப் பண்ணினார்கள். இப்போ ரேஷன்கடை, இப்போ பாலம், இப்போ ஓடை இறக்கம்.

கொல்லைப்புறத்தில் ஒவ்வொருத்தியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு போனார்கள். முருகம்மாள் கடைசியாக வந்து குழாயடிக் கல்லில் உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். ஊற்றுவதற்கு எழிலைத் தவிர அங்கே யாரும் மிச்சமில்லை.

எழில் வாளியிலிருந்து மோந்து ஊற்றினாள். அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள்தான்; பதினைந்து நாளாக வேலைக்குப் போகாத தலை. ஆனாலும் முடிக்குள்ளிருந்து அலுமினியப் பொடி கரைந்து வந்தது. சிமென்டுத் தரையில் சாம்பல் நிறத்தில் மினுங்கி ஓடியது. இரண்டாவது செம்பு ஊற்றினாள். மூன்றாவது ஊற்றினாள். வெடிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. வாளி காலியானதும் எழில் குழாயைத் திறந்து, அது நிறைவதற்காகக் காத்து நின்றாள்.