ஏழாவது சொடுக்கு

மனித நாகரிகம் என்பது குலுக்கலை வென்ற கதைதான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பாதி மனிதன். சக்கரத்துக்கும் தன் இடுப்புக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங்கை வைத்தவன்தான் முழு மனிதன்.

ரட்டோமிர் இதை அறிவித்தது அடுக்குமாடிப் படிக்கட்டில். ஒரு கையில் குப்பைப் பை, காலில் வீட்டுச் செருப்பு. கேட்டுக்கொண்டிருந்தவள் மூன்றாம் மாடி யாகோடா. லிஃப்ட் எப்போது ஓடும் என்றுதான் அவள் கேட்டிருந்தாள்.

மொராவா ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் குடிநீர் அலுவலகத்தில் ரட்டோமிர் துணை மேலாளர். வீட்டிலிருந்து அலுவலகம் வரைக்கும் பள்ளங்கள். தோண்டியது அவருடைய அலுவலகம்தான். தோண்டுவது குடிநீர்க்காரர்கள் வேலை, மூடுவது சாலைக்காரர்கள் வேலை என்று அவரே ஒரு கடிதத்தில் தெளிவுபடுத்தியிருந்தார். அந்தப் பள்ளங்களில் கார் மெத்தையாக இறங்க வேண்டும். அதே கார் ஆற்றோர வளைவில் வெண்ணெயில் இறங்கிய கத்தியாகத் திரும்பவும் வேண்டும். அதுதான் அவருடைய பிரச்சினை.

ஒரு குளிர்காலம் முழுக்க இதையே படித்தார். மென்மையான ஷாக் அப்சார்பர் போட்டால் வளைவில் வண்டி படகாகச் சாயும் என்றான் ஒருவன். கெட்டியானது போட்டால் பல் செட் கழன்றுவிடும் என்றான் இன்னொருவன். அவர் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றதால் ஊர் வழக்கப்படி அவருக்கு 'கூம்' ஆகிவிட்ட ஸ்வொன்கோ, பிளம் சாராயக் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னான்:

"கூமே, நீ போறது குடிநீர் ஆபீசுக்கு. ரேசுக்கு இல்ல. மெத்துனு ஒண்ண வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இரு."

"உனக்குப் புரியாது. வண்டி நம்மகிட்ட பேசணும்."

"என் பொண்டாட்டி பேசுறதே போதும்ப்பா எனக்கு."

கடைசியில் ரட்டோமிர் திருகி மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுத்தார். முடிவெடுக்கத் தெரியாதவன், தினமும் முடிவெடுக்க வசதி செய்துதரும் பொருளைத்தான் வாங்குவான். பானெட்டுக்கு அடியில் இரண்டு, டிக்கிக் கம்பளத்துக்கு அடியில் இரண்டு, ஆக நான்கு திருகுகள். ஒரு பக்கம் திருகினால் மென்மை, மறுபக்கம் திருகினால் கெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு சொடுக்கு. மெக்கானிக் ஓப்ரென் மாட்டி முடித்ததும், திருகுகளின் மேல் இருந்த கறுப்பு பிளாஸ்டிக்கைக் காட்டி ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"எதையும் கழட்டாத," என்றார் ரட்டோமிர். "புதுசு புதுசாவே இருக்கட்டும்."

ஓப்ரெனுக்கு இது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. அவன் வீட்டு டிவி ரிமோட்டும் வாங்கிய நாளிலிருந்து நைலான் உறைக்குள்தான் இருந்தது. ரட்டோமிர் வீட்டு ரிமோட்டும் அப்படித்தான். போதாததற்குச் சோபாவுக்கு உறை, அந்த உறைக்கும் ஓர் உறை. கார் இருக்கைகளில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் இன்னமும் கிழியாமல் இருந்தது. அதைக் கிழிக்கக் கோரி அவருடைய மனைவி நெவென்கா தொடுத்த போர் மகன் பிறந்த வருஷம் தொடங்கியது. மகன் இப்போது வியன்னாவில் வேலை பார்க்கிறான்.

அன்றிலிருந்து ரட்டோமிரின் வாழ்வில் ஒரு சடங்கு சேர்ந்துகொண்டது. அலுவலக நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. நிறுத்துவார். பானெட்டைத் திறப்பார். குனிந்து, கண்ணை மூடி, விரல் நுனியால் திருகுவார். அப்புறம் டிக்கி. அப்புறம் இன்னொரு சுற்று.

"இப்ப ஏழாவது சொடுக்கு. தெரியுதா?"

"சொடுக்குச் சத்தமே கேக்கலியே."

"காதுக்குக் கேக்காது. விரலுக்குத் தெரியும்."

எல்லோருக்கும் வித்தியாசம் தெரிந்தது. கணக்காளர் பதினொன்றில் முதுகு விறைப்பதாகச் சொன்னார். ஸ்வொன்கோகூட, பின்சீட்டில் பூரேக் என்ற பாலாடைக்கட்டி அப்பத்தில் பாதியை மென்றுகொண்டே, "ஏழுல ஒரு பக்குவம் இருக்கு," என்று ஒப்புக்கொண்டான். அவனுக்கு அன்று இரவுச் சாப்பாடு ரட்டோமிர் வீட்டில்.

மாமனார் மிலிசாவுக்கு முதுகுத் தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது இதற்குப் பிறகுதான். ஆயுசு முழுக்க ரயில் ஓட்டியவர், அதிகம் பேசாதவர். க்ராகுயெவாத்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஸ்வொன்கோவோட பழைய பிரெஞ்சு வண்டிய கேளு," என்றாள் நெவென்கா. "அது மெத்த மாதிரி போகும்."

ரட்டோமிருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நம்ம வீட்டுல ஒரு வண்டி நிக்குது. ஒண்ணாவது சொடுக்குல வெச்சேன்னா தொட்டில் தோத்துப்போகும்."

"ராட்டோ, அது எங்கப்பாவோட முதுகு."

"தெரியும். என்னை நம்பு."

அவள் அப்பாவுக்கு எடுத்துப்போகும் சூப்பை ஜாடியில் ஊற்றி மூடினாள். நம்பிவிட்டாள். பின்னால் அந்த ஜாடி மூடிய சத்தம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவருக்குக் காது சூடேறியது.

முன்சீட்டைச் சாய்த்து மிலிசாவைப் படுக்க வைத்தார்கள். அவருக்கு அடியில் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. நெவென்கா பின்னால் உட்கார்ந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே, வாட்ச்மேன் பார்க்க, ரட்டோமிர் நான்கையும் கடைசி வரை மென்மைப் பக்கம் திருகினார்.

ஊரைத் தாண்டியதும் முதல் பள்ளம். மிலிசாவின் கை கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றியது. இரண்டாவது பள்ளத்தில் அவர் உதடு வெளுத்தது.

ரட்டோமிர் ஓரமாக நிறுத்தினார். பானெட், டிக்கி, திருகல் எல்லாம் மறுபடி.

"இன்னும் கொஞ்சம் இருந்துச்சு, மாமா. எடுத்துவிட்டுட்டேன். இப்ப எப்படி?"

"நல்லா இருக்கு மாப்பிள்ள," என்றார் கிழவர், கண்ணைத் திறக்காமல்.

"பாத்தியா?" என்றார் ரட்டோமிர் கண்ணாடி வழியாக மனைவியிடம். அவள் அப்பாவின் தோளை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து ஒரு ரயில்வே கிராசிங். தண்டவாளத்தைத் தாண்டும்போது, ஆயுசெல்லாம் அதே தண்டவாளத்தின் மேல் ஓட்டிய மனிதரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகல்கூட இல்லை அது. பையிலிருந்து காற்று போனது போல இருந்தது.

"பெட்ரோல் பங்க்ல நிறுத்து," என்றாள் நெவென்கா. "சூப் குடுக்கணும்."

நிறுத்தினார். நல்ல பனி. பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, ரட்டோமிர் ஆத்திரத்தோடு இடது பக்கத் திருகைப் பிடித்து முறுக்கினார். டப்பென்று அது கையோடு வந்துவிட்டது.

உடைத்துவிட்டோம் என்று முதலில் பயந்தார். பிறகு பார்த்தார். கையில் இருந்தது ஒரு மூடி. தூசி விழாமல் இருக்கப் போடும் பிளாஸ்டிக் மூடி. அது இருந்த இடத்தில், யார் விரலும் படாத பளபளப்போடு, நிஜத் திருகு இருந்தது. பக்கத்தில் எண்கள். முள் மிகக் கெட்டியான எண்ணில் நின்றது, பெட்டியைப் பிரித்த நாளில் நின்றபடியே.

வலது பக்கத்தையும் பிடுங்கிப் பார்த்தார். அதுவும் மூடிதான்.

அவர் அப்போது நினைத்தது மாமனாரின் முதுகை அல்ல. கணக்காளரை நினைத்தார். யாகோடாவை நினைத்தார். 'ஏழுல ஒரு பக்குவம்' என்ற ஸ்வொன்கோவை நினைத்தார். இப்போது இதை உண்மையாகத் திருகினால் வண்டி வேறு வண்டியாகிவிடும். நெவென்காவுக்குத் தெரிந்துவிடும். பின்னால் வரப்போகும் கேள்விக்குப் பதில் கிடையாது. வீட்டுக்கு இன்னும் பாதி தூரம்தான். கிழவர் ரயில்காரர், கெட்டி உடம்பு. இதுவரை தாங்கவில்லையா?

இடது பக்க மூடியை எடுத்த இடத்திலேயே மாட்டினார். வலது பக்க மூடியையும் மாட்டினார்.

பானெட்டை இறக்கப் போன நேரத்தில் உள்ளே இருந்து பேச்சுக் கேட்டது.

"அப்பா, ஸ்வொன்கோவ வரச் சொல்லட்டுமா? இங்கேயே இருப்போம். அவர் வண்டியில போலாம்."

"வேணாம்மா. ஆசை ஆசையா வாங்கியிருக்கான். அவன் மூஞ்சியப் பாத்தியா, ஒவ்வொரு தடவையும் இறங்கி ஓடுறான் எனக்காக." கிழவர் மூச்சு வாங்கினார். "கடைசி வரைக்கும் தாங்கிக்குவேன். நீ எதுவும் சொல்லிடாத."

ரட்டோமிர் பானெட்டைப் பிடித்தபடி நின்றார். பங்க் பையன் வந்து, "ஏதாச்சும் ரிப்பேரா?" என்றான். "ஆமா," என்றார். எதில் என்று அவன் கேட்கவில்லை.

நான்கு மூடிகளையும் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டார். நான்கு திருகுகளையும் மென்மைப் பக்கம், அதற்கு மேல் போகாத வரைக்கும் திருகினார். ஒவ்வொரு சொடுக்குக்கும் நல்ல சத்தம் வந்தது. செவிடனுக்கும் கேட்கும்.

வண்டி கிளம்பியது. பங்கின் வாசலிலிருந்த பள்ளத்தில் இறங்கி, ஏறி, லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனது. மிலிசாவின் கை பிடியைக் காணாமல் தேடுவதைப் போலக் காற்றில் ஒரு நொடி நின்றது. பிறகு மடியில் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் அவர் வாய் திறந்து தூங்கிவிட்டார்.

நெவென்கா ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப மட்டும் எப்படி?" என்றாள், அப்பா எழுந்துவிடாத குரலில்.

"இந்தப் பக்கம் ரோடு நல்லா இருக்கு."

அவர் சொல்லி முடித்தபோது ஒரு மஞ்சள் பலகை கடந்து போனது. சாலை பழுது, மெதுவாகச் செல்லவும். இருவரும் படித்தார்கள்.

வீட்டில் மிலிசாவைக் கட்டிலில் படுக்க வைத்ததும் அவர் மாப்பிள்ளையின் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"கடைசியா என்னமோ பண்ணினியே, அத முதல்லயே பண்ணியிருக்கலாம் மாப்பிள்ள."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் ரட்டோமிர் சமாளித்திருப்பார். கிழவர் நன்றியோடு சொன்னார்.

கூடத்தில் நெவென்கா அவருடைய கோட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். பை கனத்தது. கையை விட்டு எடுத்தாள். உள்ளங்கையில் நான்கு கறுப்பு மூடிகள்.

"என்ன இது?"

"மூடி."

"எதோட மூடி?"

"அதோடது."

அவள் மூடிகளைப் பார்த்தாள். சோபாவின் உறையைப் பார்த்தாள். மேஜையில் நைலானுக்குள் கிடந்த ரிமோட்டைப் பார்த்தாள். அவருக்கு விளக்க வேண்டிய வேலை இருக்கவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

"நீ என்னத்த திருகிட்டிருந்த இத்தனை நாளா?"

அவர் சோபா உறையின் மடிப்பை நீவி நேராக்கினார்.

"கிராசிங்ல அப்பா அழுதாரு, ராட்டோ. நீ ரோட்டப் பாத்துட்டிருந்த, உனக்குத் தெரியல. பின்னாலருந்து நான் தொடச்சுவிட்டேன்."

மூடிகளை அவர் கையில் வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரட்டோமிர் சோபாவில் உட்கார்ந்தார். உறை சரசரத்தது. எழுந்துகொண்டார். நின்றபடியே இருந்தபோது போன் அடித்தது. ஸ்வொன்கோ.

"கூமே, பெரியவர் சௌக்கியமா வந்து சேந்தாரா?"

"சேந்தாரு."

"எத்தனாவது சொடுக்குல கூட்டிட்டு வந்த?"

ரட்டோமிர் சாத்திய கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏழு," என்றார்.

"நான் சொல்லல? ஏழுல ஒரு பக்குவம் இருக்கு."

மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கிளம்பும் முன், தூசி விழாமல் இருக்க, நான்கு மூடிகளையும் திரும்ப மாட்டிவிட்டார்.