ஆறிவிடக் கூடாத புண்

"அப்ப, கால்கட்டு தானாத் தளர்ந்துபோச்சுன்னு சொல்றீங்க."

"ஆமாங்க அம்மிணி. நடக்கறேன், உக்காருறேன், பொரண்டு படுக்கறேன். துணிதானே, தளரும்."

"தளர்ந்த துணி தானா அவுந்து, மறுபடியும் தானாச் சுத்திக்கிட்டு, முட்டிக்குக் கீழ பிளாஸ்திரியும் ஒட்டிக்கிச்சுங்களா அண்ணா?"

சின்னுசாமி தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். வேலை பார்த்த காலமெல்லாம் அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் எடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பை ரசிக்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். அந்த முகம் எப்படியிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போது தன் முகம் அப்படித்தான் இருக்கிறது என்பதும் தெரிந்தது.

நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் கட்டுப் போடும் அறையில் அவருடைய வலது காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தாள் நர்ஸ் அறிவுச்செல்வி.

"இங்க பாருங்க. துணியில கட்டம் கட்டமா அச்சடிச்சிருக்குதுங்களா? சரியா இழுத்துக் கட்டினா ஒவ்வொண்ணும் சதுரமா நிக்கும். போன வாரம் நான் கட்டி அனுப்பறப்ப எல்லாம் சதுரம். இப்ப எல்லாம் சப்பளிஞ்சு கெடக்குது. துணி பொய் சொல்லாதுங்ணா."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

நின்றே பிழைத்த கால் அது. பஸ்ஸில் கண்டக்டருக்கு என்று ஒரு சீட்டு உண்டு. அதில் எப்போதும் கைக்குழந்தையோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நரம்புகள் புடைத்துச் சுருண்டன. கணுக்கால் கறுத்தது. ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோது கொசுக்கடியைச் சொறிந்த இடம் புண்ணாகி, வருஷக்கணக்கில் நீர் வடித்துக்கொண்டு கிடந்தது. மஞ்சள் பூசினார்கள், வேப்பிலை அரைத்து வைத்தார்கள், மருந்துக் கடையில் சொன்ன களிம்பையெல்லாம் தடவினார்கள். அதற்கெல்லாம் நன்றி சொல்வதுபோல் புண் அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் இங்கே டாக்டர்தான், மேலே ஏற வேண்டிய ரத்தம் காலிலேயே தேங்குகிறது, இதற்கு மருந்தைவிடக் கட்டுதான் முக்கியம் என்று சொல்லி, பாதத்திலிருந்து முட்டிவரை இறுக்கிக் கட்டச் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததைச் சின்னுசாமியால் நம்ப முடியவில்லை. கடல் உள்ளே வர வரச் சிறுத்துப்போகும் தீவைப்போல, வாரத்துக்கு வாரம் புண்ணின் கரைகள் கரைந்தன. முதலில் தேங்காய் மூடி அளவு, பிறகு எலுமிச்சை, பிறகு நெல்லிக்காய். நெல்லிக்காயோடு நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம், தீவின் ஒரே குடிமகன் கரையைக் காவல் காக்க ஆரம்பித்ததுதான்.

"எதுக்குங்ணா அவுத்தீங்க? வலிச்சுதுங்களா?"

"வலியெல்லாம் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "எங்கூட்டுக்காரி வெளியிலதான் உக்காந்திருக்கறா. கதவச் சாத்து சாமி."

அவள் சாத்தினாள்.

"புண்ணு ஆறுனா என்ற வீட்டுக்காரரு குண்டம் எறங்குவாருன்னு மாரியம்மன்கிட்ட வேண்டியிருக்கறா. கோயில்ல, ஊரே கேக்க."

அறிவுச்செல்வி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். "கால் புண்ணுக்கு, தீ மிதிக்கறதுங்களா?"

"அதயேதான் நானும் கேட்டேன். மொட்டையடிக்கறேன்னு வேண்டியிருக்கலாமேன்னேன். உங்க தலையில என்ன இருக்குதுன்னு அடிக்கறதுங்கறா. வெள்ளியில ஒரு கால் செஞ்சு உண்டியல்ல போடலாமேன்னேன். வெள்ளி விக்கற வெலை தெரியுமாங்கறா. கால் அவளுதா? என்ற கால எடுத்து எவ்வளவு தாராளமா வேண்டிட்டா பாரு."

டீயைக்கூடத் தட்டில் ஊற்றி, அது பச்சைத் தண்ணியான பிறகு குடிக்கிற மனிதர் அவர். ஊரில் வருஷம் தவறாமல் குண்டம் இறங்கும் சின்னண்ணன் என்றொருவன், "பூ மேல நடக்கற மாதிரிதான் மாப்ள" என்று நெஞ்சில் அடித்துச் சொல்வான். ஆனால் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மறுநாள் காலையில் அவன் வாழைத்தோட்டத்துச் சேற்றில் வெறுங்காலோடு வெகுநேரம் அசையாமல் நின்றதைச் சின்னுசாமி பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பூ மேல் நடந்தவன் மாதிரி அவன் முகம் இல்லை.

"நோம்பி அடுத்த மாசம் அம்மிணி. அதுவரைக்கும் இது இப்படியே இருந்துட்டா..."

"இப்படியே இருக்காதுங்ணா. கட்டு தளர்ந்தா மறுபடியும் பெருசாகும். சீழ் வெக்கும்." அதட்டத்தான் ஆரம்பித்தாள், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? ஆறினாலும் நீங்க தீயில எறங்கவே கூடாது. புதுத்தோல் வெங்காயச் சருகு மாதிரி. சூடு, அடி எதுவும் ஆகாது. ஆறின பொறகும் அழுத்தமான சாக்ஸ் ஒண்ணு ஆயுசுக்கும் போடோணும்."

சின்னுசாமிக்குக் காதில் நாதஸ்வரம் கேட்டது. ஆயுசுக்கும் என்று சொன்னதைக்கூட அவர் சாக்ஸுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட ஆயுசுக்கான வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டார்.

"இத அப்படியே அவகிட்டச் சொல்லிரு சாமி. அவுத்ததச் சொல்லாத. இதமட்டும்."

கதவைத் திறந்து கூப்பிட்டதும் அவர் மனைவி ராமாயி தூக்குப்போசியோடு உள்ளே வந்தாள். நர்ஸ் சொன்னதைத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டுப் புருஷனின் மற்ற காலைப் பார்த்தாள்.

"எடது கால் நல்லாத்தானுங்க இருக்குது. அதுல மட்டும் நொண்டியடிச்சிட்டே போயிரலாமுங்களா?"

"ஏன்டி, நான் என்ன பாண்டியாட்டம் ஆடவா போறேன்?"

"கூடாதுங்கக்கா. எந்தக் கால்லயும் கூடாது," என்றாள் அறிவுச்செல்வி.

ராமாயி தூக்குப்போசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தாள். கோபமில்லை. கடையில் கேட்ட ரகம் இல்லையென்றால் இன்னொன்றைக் கேட்பாளே, அந்த முகம்தான்.

"சரி. அப்ப நானே எறங்கிடறேன்."

"நீயா?"

"வாக்கு என்ற வாயிலதானே வந்துச்சு. ஆறுன வருசமே செஞ்சரோணும், ஆத்தாகிட்டத் தவணை சொல்ல முடியாது. நோம்பிக்குள்ள ஆறிருமுங்களா சாமி?"

"ஒழுங்காக் கட்டினா ஆறிடும்க்கா."

"ஒழுங்காக் கட்டுங்க. நல்லா இறுக்கி."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கித் தன் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். குதிகாலெல்லாம் வெடிப்பு. ஒரு வெடிப்பில் மஞ்சள் ஏறியிருந்தது. அந்தக் கால்களைச் சின்னுசாமி இதுவரை சரியாகப் பார்த்ததேயில்லை. அவருடைய புண்ணுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க விடிகாலையில் அடுப்படிக்கும் பம்புசெட்டுக்குமாக நடந்த கால்கள்.

அறிவுச்செல்வி புதுத்துணியைப் பிரித்துப் பாதத்திலிருந்து சுற்றத் தொடங்கினாள். ஒரு கட்டம் சதுரமானது. அடுத்ததும் ஆனது. கணுக்காலைத் தாண்டும்போது சின்னுசாமி மெல்லக் குனிந்து, ராமாயிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அம்மிணி, நோம்பி முடியறவரைக்கும் இதக் கொஞ்சம் தளர்த்திக் கட்டறயா?"