உடுத்தும் அறைக்கு வெளியே

கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரோண்டாவுக்கு உள்ளே துணி சரசரப்பது கேட்டது. இறந்துபோன அவள் அம்மா வெல்டாவுக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார்கள். சபையின் மாதர் சங்கத் தலைவி சிஸ்டர் யார்ட்லி, பக்கத்து வீட்டு நெட்டி, அம்மாவின் தங்கை ஆர்டித், மூன்று பேர். ஆலயத்தில் சத்தியம் செய்துகொடுத்தவர்கள்தான் இறந்தவருக்கு அந்த வெள்ளை உடுப்பைப் போடலாம். ரோண்டாவும் ஒரு காலத்தில் செய்துகொடுத்தவள்தான். சபையில் முடிவெடுக்கிற இடத்தில் பெண்கள் ஏன் இல்லை என்று பேப்பரில் எழுதினாள், ரேடியோவில் பேசினாள், கடைசியில் தன் கையாலேயே விலகல் கடிதமும் போட்டாள். அதோடு அந்த உரிமையும் போயிற்று. வாய் சும்மா இருந்தால்தானே!

பக்கவாதம் வந்த அம்மாவை இரண்டு வருடம் குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரி விட்டவள் அவள். இந்தக் கடைசி உடுப்புக்கு மட்டும் அவள் கை ஆகாது.

"இந்தக் கை நீளவே மாட்டேங்குதே," என்றாள் உள்ளே நெட்டி.

"இழுக்காதடி, தையல் பிரியுது!" இது ஆர்டித் சித்தி.

ரோண்டாவுக்குப் பொறுக்கவில்லை. "இடது கைய முதல்ல விடுங்க," என்றாள் கதவைப் பார்த்து. "முழங்கைக்குக் கீழ பிடிச்சு, உள்பக்கமா."

"எது உள்பக்கம்?"

"நெஞ்சுப் பக்கம், சித்தி!"

"ரேடியோல ஊருக்கே புரியற மாதிரி பேசுற. எங்களுக்கு ஒரு கைய விளக்க உனக்குத் தெரியல."

ரோண்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் கதவு திறந்தது. சிஸ்டர் யார்ட்லி நின்றார்.

"உள்ள வாம்மா."

"நான் வரக் கூடாதே, சிஸ்டர்."

"சட்டம் எனக்கும் தெரியும். உங்கம்மா கைதான் தெரியல. வா."

மடங்கிப்போன அந்தக் கையை ரோண்டா மெல்லத் தூக்கினாள். கவுனின் கை வழுக்கிக்கொண்டு ஏறியது. "ஆச்சும்மா, ஆச்சு," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். நெட்டி மூக்கை உறிஞ்சினாள்.

வெள்ளை கவுன் போட்டாயிற்று. அதன்மேல் கட்ட வேண்டிய ஆலய உடுப்புகள் மடித்தபடி கட்டிலருகே இன்னொரு நாற்காலியில் இருந்தன. ரோண்டா அவற்றைப் பார்த்தாள். யாரும் சொல்வதற்கு முன்னால் தானே கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"மிச்சத்த நீங்க பாத்துக்கோங்க."

சிஸ்டர் யார்ட்லி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நெட்டி, ஊக்கு ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. ஜன்னல் பக்கம்."

"ஊக்கா? நாம ஊக்கே எடுத்துட்டு வரலையே..."

"விழுந்துடுச்சுன்னு சொல்றேன்ல. ஆர்டித், நீயும் வா. எனக்குக் கண்ணு சரியில்ல."

மூன்று பேரும் ஜன்னலண்டை போய், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அடக்கம் முடிஞ்சு சாப்பாட்டுக்கு எத்தனை தட்டு உருளைக்கிழங்கு கேசரோல் வருது?" சிஸ்டர் யார்ட்லியின் குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது.

"ஆறு," என்றாள் நெட்டி.

"பத்தாது. வெல்டாவோட சொந்தக்காரங்க சாப்பிட்டு நீ பாத்ததில்ல."

ரோண்டா நாற்காலியில் இருந்த ஆலய உடுப்பை எடுத்தாள். அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"கிடைச்சுதா?" என்றாள் சித்தி, திரும்பாமலே.

"இல்ல," என்றார் சிஸ்டர் யார்ட்லி. "அவசரமே இல்ல. நிதானமா தேடு."